மூன்றாவது சரணத்தில் அப்பா

எங்கள் அப்பா முதல் முறை இறந்தது ஒரு சனிக்கிழமை காலை, ரேடியோவில். அப்போது அவர் தன் வீட்டுச் சமையலறையில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் ரெட்டாவின் வகுப்புதான் காரணம் என்று ஊரில் இரண்டு பேர் சொல்லித் திரிகிறார்கள். ஊருக்கு வேறு வேலை இல்லை. ரெட்டா எங்கள் ஊர்ப் பெண். பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் போய்ப் பாட்டெழுதிப் பிழைத்தவள். பிழைத்தாள் என்பது பேச்சுக்குத்தான், பாதி நாள் அங்கே ஹோட்டலில் தட்டுத் தூக்கினாள். அவள் எழுதிய ஒரே ஒரு பாட்டு ரேடியோவில் வந்தது. அந்தக் கோடை முழுக்க நாங்கள் எல்லோரும் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தோம். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. திரும்பி வந்து பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் நூலகத்தின் பின்னறையில் சொந்தக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தால் நாங்கள் இரண்டாவது வாரமே ஓடியிருப்போம். அவள் பாட்டுகளைக் கொண்டுவந்தாள். வண்டி ஓட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் நாங்கள் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும் பாட்டுகள். பாட்டின் வரிகளை ஆளுக்கொரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, கோழியை வெட்டிக் கூறு போடுவது போல அதைப் பிரித்துக் காட்டுவாள்.

"இந்தப் பாட்டுல 'எனக்கு வருத்தமா இருக்கு'ன்னு எங்கயாவது வருதா? தேடிப் பாருங்க," என்பாள்.

நாங்கள் தேடுவோம். வராது.

"மேசை மேல ரெண்டு காபிக் கோப்பை இருக்கு, ஒண்ணு காலியா இருக்கு. அவ்வளவுதான் எழுதியிருக்கான். நீங்க அழுதீங்க இல்ல? உங்க கதையிலயும் அதையே செய்யுங்க. மேசை மேல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க. வருத்தத்தை நாங்க பாத்துக்கறோம்."

பல்லவி மூன்று தடவை வரும், வார்த்தை மாறாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் அர்த்தம் மாறவேண்டும் என்பது அவளுடைய இன்னொரு பாடம். முதல் சரணத்தில் குழந்தை, இரண்டாவதில் கல்யாணம், மூன்றாவதில் சாவு. எரிவாயு வண்டி ஓட்டி ஓய்வுபெற்ற பர்ல் எங்கள் வகுப்பில் இருந்தான். "மூணாவது சரணத்துல யாரும் சாகலைன்னா அது பாட்டே இல்லம்மா, விளம்பரம்," என்று அவன் ஒருநாள் சொல்ல, அறையே சிரித்தது. என் தங்கை கொரீன் மட்டும் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டாள்.

நான் நடீன். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்த குரல் எனக்கு. கதை எழுதும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கொரீன், "அப்பாவைப் பத்தி எழுதப் போறேன்," என்று சொன்னாள், அதனால்தான் நானும் பெயர் கொடுத்தேன். எழுதினால் மனம் இளகும், இளகினால் ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கப் போவாள் என்று கணக்குப் போட்டேன். அவருக்கு இதயம் மோசமாகிக்கொண்டிருந்தது. அவள் பூக்கடையிலிருந்து அவர் வீடு கால் மணி நேரம்தான். ஆனாலும் அவள் அந்த வாசல்படியை மிதித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எல்லாம் ஒரு கோட்டினால் வந்தது. அம்மா இறந்த ஐந்தாம் மாதமே அப்பா, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் க்ளெண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அதையே நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தோம். அன்றைக்கு நல்ல மழை. சடங்கு முடிந்து வெளியே வந்த க்ளெண்டா, அம்மாவின் பச்சை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். மரப் பொத்தான் வைத்த கோட்டு. அம்மா அதைப் போட்டுக்கொண்டுதான் எங்களைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக நிற்பாள். கொரீன் நனைந்துகொண்டே போய் வண்டியில் ஏறினாள், போய்விட்டாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு வெறும் கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் வரும். க்ளெண்டா இறந்த பிறகும் அவள் வரவில்லை.

எனக்கும் கோபம்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் கத்திவிடுவேன், கத்தினால் பசிக்கும், சாப்பிட்டால் சரியாகிவிடும். கொரீன் அப்படியில்லை. அவள் கோபத்தை இஸ்திரி போட்டு அலமாரியில் மடித்து வைப்பவள்.

வகுப்பு முடியப்போகும் வாரத்தில் அவள் தன் கதையைப் படித்தாள். முதல் பகுதியில் அம்மா பள்ளி வாசலில் பச்சைக் கோட்டோடு நிற்கிறாள், தன் கோட்டைக் கழற்றிச் சின்னப் பெண்ணுக்குப் போர்த்தி, "மழை வருது. கோட்டை எடுத்துக்கோ," என்கிறாள். இரண்டாவதில் தேவாலயப் படியில் அப்பா, புது மனைவியிடம் அதே வார்த்தையைச் சொல்கிறார். மூன்றாவதில் அப்பா மரணப் படுக்கையில். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "அதை நான் குடுத்திருக்கக் கூடாது, கண்ணு," என்கிறார். அவள் எழுந்து புறப்படும்போது ஜன்னலைப் பார்த்து, "மழை வருது. கோட்டை எடுத்துக்கோ," என்று சொல்லிக் கண்ணை மூடுகிறார்.

பர்ல் மூக்கைச் சிந்தினான். பக்கத்து நாற்காலிக்காரி வெளிப்படையாகவே அழுதாள். நல்ல எழுத்து என்பதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனாலும் எழுந்து கத்தினேன்.

"அப்பா உயிரோட இருக்கார்! இன்னைக்குக் காலையில என்கிட்ட உப்பு பத்தலைன்னு சண்டை போட்டார்!"

எல்லோரும் என்னை மாதாகோயிலில் இருமியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"நடீன், அதை இங்க கேக்கறதில்ல," என்றாள் ரெட்டா மெதுவாக. "நாஷ்வில்ல ஒரு அறையில ரெண்டு பேரு உக்காந்து பாட்டெழுதுறப்ப, இது நடந்துச்சான்னு யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. பாட்டு நிக்குதா, நிக்கலையா, அதான் கேள்வி. இது நிக்குது."

"நிக்குது சரி. படுத்திருக்கறது எங்க அப்பா."

பர்ல் சிரித்துவிட்டான். கொரீன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு அமைதி இருந்தது. பல வருடங்களாக நான் பார்க்காத அமைதி. அதைப் பார்த்து அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

வகுப்பு முடிந்ததும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஒரு வாசிப்பு. நாஷ்வில் வழக்கப்படி எழுதியவர்கள் கூடத்தின் நடுவில் வட்டமாக உட்கார, ஊர் அவர்களைச் சுற்றி உட்கார்ந்து, பேசினால் 'ஷ்' என்று அடக்கியது. மாட்டிறைச்சிக் குழம்பும் சோள ரொட்டியும் ஒருபக்கம். கொரீன் படித்து முடித்ததும் கைதட்டல் ஓய நேரமானது. ஊர் ரேடியோக்காரர்கள் அதைப் பதிவு செய்திருந்தார்கள். எங்கள் ரேடியோவில் காலையில் முதலில் ஒரு பக்திப் பாட்டு, பிறகு ஊரில் யார் யார் இறந்தார்கள் என்ற அறிவிப்பு, பிறகு மாட்டு விலை. அந்தச் சனிக்கிழமை, அறிவிப்பு முடிந்த கையோடு, இது கதை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கொரீனின் குரலைப் போட்டுவிட்டார்கள். அதுவும் பாதியிலிருந்து. "ஓடெல் ப்ரூயிட்டின் மகள் கொரீன் பேசுகிறார்" என்றார் அறிவிப்பாளர். அடுத்த நொடி, "என் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னது" என்று வந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் பெண்கள் யோசிக்கமாட்டார்கள், அடுப்பைப் பற்றவைப்பார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் பக்கத்துத் தெரு இமோஜீன் அம்மா கிராம்பு குத்திய முழுப் பன்றித்தொடையோடு அப்பா வீட்டு வாசலில் நின்றாள். கதவைத் திறந்தது அப்பா.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா மேசையில் உட்கார்ந்து தன் சாவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் இமோஜீன் அம்மா இன்னும் நெஞ்சில் கை வைத்தபடி இருந்தாள். அடுப்பு மேடையில் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு இரண்டு தட்டு, இன்னொரு பன்றித்தொடை, மயோனைஸ் கலந்த முட்டை ஒரு தாம்பாளம்.

"வா நடீன், உக்காரு," என்றார். "நான் செத்ததுக்குச் சாப்பாடு நல்லாத்தான் வந்திருக்கு. வாங்க மாட்டேன்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்."

"நான் இதைத் திரும்ப எடுத்துட்டுப் போக முடியாது, ஓடெல்," என்றாள் இமோஜீன் அம்மா. "அடுத்த தடவை நான் கொண்டுவரலைன்னு நீங்க சொல்லக்கூடாது."

"அடுத்த தடவை நான் எதுவும் சொல்ல மாட்டேன், தாயி."

எல்லோரும் போன பிறகு அவர் முகம் மாறியது. ரேடியோவில் முழுதாகக் கேட்கவில்லை, அந்தக் கதையைக் கொண்டுவந்து படி என்றார். என்னிடம் வகுப்பில் கொடுத்த பிரதி இருந்தது. மறுநாள் தேவாலயம் முடிந்து வந்து படித்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசிப் பகுதியை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"நான் அப்படிச் சொல்லலையே," என்றார்.

"கதைப்பா. அவளா எழுதினது."

"தெரியும். நல்லாத்தான் சொல்லியிருக்கேன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "என் பாட்டை அவ எழுதிட்டா. ஆனா அவ வந்தான்னா இதைவிட நல்லா சொல்லுவேன். அந்தக் கோட்டு விஷயத்துல ஒண்ணு இருக்கு."

"என்ன இருக்கு?"

"அது உனக்கில்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நானும் உங்க மகதான். மாத்திரை குடுக்கறது நானு, கால் நகம் வெட்டறது நானு, உப்புக்குத் திட்டு வாங்கறது நானு. ரகசியம் மட்டும் அவளுக்கா?"

"நீ ஒருநாளும் கேக்கலையே கண்ணு," என்றார். "கோவிச்சுக்கிட்டுப் போனது அவ. கோவிச்சவகிட்டதான் சொல்லணும். உன்கிட்ட சொன்னா நீ போய் உன் குரல்ல சொல்லுவ. அது பஸ்ஸுல அதட்டுற மாதிரி இருக்கும்."

அதற்கு மேல் அவரைக் கிள்ளினாலும் வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நேராகப் பூக்கடைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு அன்னையர் தினம். கடை முழுக்க வாளி வாளியாக ரோஜாவும் கார்னேஷனும். கொரீன் தண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். பன்றித்தொடைக் கதையைச் சொன்னதும் சிரித்துச் சிரித்துக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"இதைவிட நல்லா சொல்லுவேன்னாரா?"

"ஆமா. இன்னைக்கே வா. வண்டி வெளியில நிக்குது."

அவள் கத்தரியை எடுத்து மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள். "அக்கா, எனக்கு மனசு லேசாயிடுச்சு. உண்மையா சொல்றேன். அன்னைக்குப் படிச்சு முடிச்சதும் அப்படியே எல்லாம் இறங்கிடுச்சு. நான் அவரை மன்னிச்சிட்டேன்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"ஊருக்கே சொல்லியாச்சே."

"ஊரு உன் அப்பனா?"

அவள் பேச்சை மாற்றினாள். ரெட்டா அந்தக் கதையை நாஷ்வில்லில் ஒரு வாசிப்புக்கு அனுப்பியிருக்கிறாளாம், அடுத்த மாதம் அங்கே போய்ப் படிக்கவேண்டுமாம். அதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, மனதில் இருந்ததையும் சொன்னாள்.

"அப்பாகிட்ட போய், அவர் வேற மாதிரி ஏதாவது சொல்லிட்டா? அவர் மன்னிப்பே கேக்காம, அது வெறும் கோட்டுதானேன்னு சொல்லிட்டா? நான் கஷ்டப்பட்டு ஒரு அப்பாவை எழுதி வெச்சிருக்கேன்கா. அவரை இவர் கெடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டலாம் போலிருந்தது. ஆனால் அவள் ஒரே தண்டைத் திரும்பத் திரும்ப வெட்டிக் குட்டையாக்கிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். என் தங்கைக்கு அப்பா வேண்டியிருந்தது. அதனால்தான் ஒருவரைச் செய்துகொண்டாள். செய்துகொண்ட அப்பா நிஜ அப்பாவைவிட நன்றாக அமைந்துவிட்டார், அதுதான் வினையாகப் போனது.

"அன்னையர் தினம் முடியட்டும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டு அப்படியே வர்றேன். சத்தியமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா. மீதி இருக்கற பூவை எல்லாம் கொண்டு வர்றேன்னு சொல்லு."

சொன்னேன். அப்பா சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். திங்கள், செவ்வாய், புதன். வாரத்துக்கு ஒருமுறை செய்துகொள்கிற மனிதர். வராந்தாவைக் கூட்டினார். பன்றித்தொடையில் ஒன்றை ஃப்ரீசரில் வைத்து, "அவளுக்கு எலும்புப் பக்கம் பிடிக்கும், தொடாதே," என்று என்னிடம் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்துக்கொள்வார். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மாட்டு விலை. சட்டியில் வெண்ணெய் உருகிக் கருகியிருந்தது. முட்டை உடைக்காமல் பக்கத்தில் இருந்தது. அப்பா அடுப்பருகில் தரையில் கிடந்தார். கன்னத்தில் சவர சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் அடுப்பை அணைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

இரண்டாவது முறையும் அதே பெண்கள் அதே தட்டுகளோடு வந்தார்கள். இமோஜீன் அம்மா வாசலில் நின்று, கதவு திறக்கும் வரை உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒருவேளை அவரே திறப்பாரோ என்று நினைத்திருப்பாள். நான் திறந்தேன்.

அன்னையர் தினத்துக்கு வாங்கியிருந்த பூவையெல்லாம் கொரீன் சவப்பெட்டிக்கு மேல் கொண்டுவந்து போட்டாள். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் நின்றபோது ஒவ்வொருத்தியாக வந்து அவள் கையைப் பற்றினார்கள்.

"கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியே கண்ணு. அந்த பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"கோட்டை எடுத்துக்கோன்னு சொன்னாரே. அதை நினைச்சு நினைச்சு நான் தூங்கவே இல்லம்மா."

ரேடியோவில் இறந்தது கதை, இப்போது இறந்தது நிஜம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கொரீன் சொன்ன சாவுதான் அவர்கள் மனதில் ஒட்டியிருந்தது. அடுப்பு, கருகிய வெண்ணெய், சோப்பு ஒட்டிய கன்னம், இதெல்லாம் யாருக்கு வேண்டும்? கொரீன் ஒவ்வொருவரிடமும், "ஆமாம்மா, ரொம்ப நன்றி," என்றாள். நான் சுவரோரம் நின்று பல்லைக் கடித்தேன். என் தங்கையை இவ்வளவு பரிதாபமாக நான் பார்த்ததே இல்லை.

ரெட்டாவும் வந்தாள். என்னிடம் வந்து, "இது நடந்துச்சான்னு நான் அன்னைக்குக் கேட்டிருக்கணும் நடீன்," என்றாள்.

"கேட்டிருந்தா மட்டும்?" என்றேன். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு நானும் கொரீனும் அப்பாவின் வீட்டுக்குப் போனோம். அத்தனை வருடம் கழித்து அந்த வாசல்படியை மிதித்தாள். மிதிக்கும் முன் நின்று, காலைத் துடைத்துக்கொண்டாள். சமையலறையில் நாற்காலி முதுகைத் தொட்டுப் பார்த்தாள். நான் ஃப்ரீசரைத் திறந்து, அப்பா அவளுக்கென்று எடுத்துவைத்த எலும்புப் பக்கத்தைக் காட்டினேன். அதைக் காட்டியிருக்கவேண்டாம். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள், அப்பா கிடந்த இடத்திலேயே.

"அவர் என்ன சொல்லியிருப்பார், அக்கா?"

"தெரியாதுடி."

"உன்கிட்ட கொஞ்சம்கூடச் சொல்லலையா? ஒரு வார்த்தை?"

"சொல்லியிருந்தா கத்தியே சொல்லியிருப்பேன் உன்கிட்ட."

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அலமாரியில் அப்பாவின் சட்டைகளுக்குப் பின்னால், க்ளெண்டாவின் துணிகள் எல்லாம் தர்மத்துக்குப் போன பிறகும், அந்தப் பச்சைக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தமாக, பொத்தான் எல்லாம் போட்டு. ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம், யாரோ மாற்றித் தைத்திருந்தார்கள். அம்மாவா, க்ளெண்டாவா, அப்பாவா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

கொரீன் அதை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். வலது பையில் கையை விட்டாள். இடது பையில் விட்டாள். உள் பையில் இரண்டு விரலை விட்டுத் துழாவினாள். ரெட்டா அச்சடித்துக் கொடுத்த அத்தனை பாட்டிலும் இந்த இடத்தில் ஏதாவது இருக்கும். ஒரு மோதிரம், ஒரு பழைய படம், நாலு வரி எழுதிய காகிதம். அதைக் கண்டுபிடித்த பிறகு பல்லவி வரும், எல்லோரும் அழலாம்.

"ஒண்ணுமில்லக்கா," என்றாள்.

"விடுடி. வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே வலது பையில் மறுபடியும் கையை விட்டாள்.